பில்லைக் கட்டுவதும் விதியை மாற்றுவதும்

தாராவியில் ஒருவருக்குத் திடீரென்று ஆபரேஷன் என்றால் முதலில் அசைவது வாட்ஸ்அப் குழுதான். ஊர்ச் சங்கம், கோயில் கமிட்டி, கூட வேலை பார்க்கிறவர்கள் என்று எல்லோரிடமும் கேட்டு, ஓரிரு நாளில் ஒரு தொகை சேர்ந்துவிடும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாக மும்பையில் இருக்கிற நம் ஆட்களுக்கு இது கைவந்த கலை. பல உயிர்கள் அப்படித்தான் தப்பியிருக்கின்றன. ஆனால் அடுத்த மாதம் அடுத்த வீட்டில் அதே நோய் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து வசூல். ஆஸ்பத்திரி பில் குறையவில்லை, மருந்து விலை குறையவில்லை, கவுன்ட்டரில் கேட்கிற டெபாசிட்டும் குறையவில்லை.

இங்கேதான் இன்னொரு வகைத் தொண்டு அமைப்புகள் வேலையைத் தொடங்குகின்றன. அவை பெரும்பாலும் யாருடைய பில்லையும் கட்டுவதில்லை. இந்த பில் ஏன் இவ்வளவு, இதை யார் தீர்மானித்தார்கள், ஏழைக்கு ஒதுக்கிய படுக்கை எங்கே போனது என்று கேட்கின்றன. கோர்ட்டுக்குப் போகின்றன, காப்புரிமை (பேடன்ட்) அலுவலகத்தில் ஆட்சேபம் எழுதுகின்றன, மந்திராலயத்தில், அதாவது மாநிலத் தலைமைச் செயலகத்தில், மனுவோடு காத்திருக்கின்றன. சில சமயம் ஒரே ஒரு நோயாளிக்காக ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் மணிக்கணக்கில் வாதாடுகின்றன. எல்லோருக்கும் கட்டுப்படியாகிற, பாகுபாடு இல்லாத மருத்துவத்துக்காக வாதாடுவது என்று இந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். கேட்பதற்கு மாநாட்டு வாசகம் மாதிரி இருக்கும். நடைமுறையில் எப்படி இருக்கும் என்று மும்பையை வைத்தே பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. மத்திய அரசு வெளியிடும் தேசிய சுகாதாரக் கணக்கின்படி, 2013-14இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 64 சதவீதத்துக்கும் மேல் மக்கள் நேரடியாகத் தங்கள் கையிலிருந்து கொடுத்தது. 2021-22இல் அது 39.4 சதவீதமாக இறங்கியிருக்கிறது. நல்ல செய்திதான். ஆனாலும் பத்து ரூபாயில் நாலு ரூபாய் இன்னும் நோயாளியின் குடும்பமே கொடுக்கிறது, அதுவும் வேலைக்குப் போக முடியாமல் சம்பளம் நின்றுபோயிருக்கும் நேரத்தில் கொடுக்கிறது. அதே 2021-22இல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து மருத்துவத்துக்குச் செலவழித்தது உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம். 2025க்குள் 2.5 சதவீதம் ஆக்குவோம் என்று 2017இல் தேசிய சுகாதாரக் கொள்கை எழுதியது. அரசே எழுதி வைத்த இலக்கை அரசுக்கு ஞாபகப்படுத்துவதும் இந்த அமைப்புகளின் அன்றாட வேலைகளில் ஒன்று.

சட்டத்தில் இருந்தும் கிடைக்காத படுக்கை

மும்பையின் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் பலவும் சட்டப்படி அறக்கட்டளைகள். பாம்பே ஹாஸ்பிடல், ஜஸ்லோக், லீலாவதி, ஹிந்துஜா எல்லாம் இந்தப் பட்டியலில் வருபவை. மராத்தியில் தர்மாதாய் ஆஸ்பத்திரி என்பார்கள். அறக்கட்டளை என்பதால் வருமான வரியில் சலுகை உண்டு. நிலத்திலும், கட்டிக்கொள்ளும் பரப்பிலும், வெளிநாட்டிலிருந்து கருவி இறக்குமதி செய்வதிலும் சலுகை பெற்றவை பல. பொதுமக்களின் பணத்தில் இவ்வளவு விட்டுக்கொடுத்தால் பதிலுக்கு ஏழைகளுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் இல்லையா? மகாராஷ்டிராவின் 1950ஆம் வருடத்துப் பொது அறக்கட்டளைச் சட்டத்தில் 1980களில் சேர்த்த 41ஏஏ என்ற பிரிவு அதைத்தான் சொல்கிறது. மொத்தப் படுக்கைகளில் 10 சதவீதம் பரம ஏழைகளுக்கு இலவசம். இன்னொரு 10 சதவீதம் வசதி குறைந்தவர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில்.

பிரிவு வந்துவிட்டது, சரி. அப்புறம் ஏறக்குறைய இருபது வருடம் அது பெரும்பாலும் புத்தகத்திலேயே கிடந்தது. யார் ஏழை, எந்தச் செலவு இலவசம், அந்தப் பணத்தை யார் தருவது, சரியாக நடக்கிறதா என்று யார் பார்ப்பது, எதுவும் தெளிவாக இல்லை. இப்படிப்பட்ட சட்டம் ஆஸ்பத்திரிக்கு ரொம்ப வசதி. கேட்டு வருகிறவரிடம் 'எங்களுக்கு அப்படி ஒன்றும் உத்தரவு வரவில்லையே' என்று சொன்னால் போதும்.

2004இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல மனு போடப்பட்டது. நீதிமன்றம் குழு அமைத்து, ஆஸ்பத்திரிகளின் வாதத்தையும் கேட்டு, 2006 ஆகஸ்டில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அந்த வருடம் செப்டம்பர் 1ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. அந்தத் திட்டத்தில் இருக்கும் சாமர்த்தியம் பணத்துக்கு வழி சொன்னதில் இருக்கிறது. ஒவ்வொரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியும் மற்ற நோயாளிகளிடம் போடும் மொத்த பில்லில் 2 சதவீதத்தை 'ஏழை நோயாளிகள் நிதி' என்ற தனிக் கணக்கில் போட வேண்டும். வருடத்துக்கு 100 கோடிக்கு பில் போடும் ஆஸ்பத்திரி என்றால் 2 கோடி. ஏழை நோயாளியின் செலவு அந்தக் கணக்கிலிருந்து கழியும். படுக்கைக் கணக்கும் இதே மாதிரிதான். 300 படுக்கை உள்ள இடத்தில் 30 இலவசம், 30 சலுகை.

உள்ளே என்னென்ன அடங்கும் என்பதையும் திட்டம் பிரித்து எழுதியிருக்கிறது. பரம ஏழை நோயாளிக்குப் படுக்கை, டாக்டர் பார்ப்பது, வழக்கமான சாப்பாடு, உடுப்பு, தண்ணீர், மின்சாரம், சாதாரணப் பரிசோதனைகள் இதற்கெல்லாம் பில்லே கிடையாது. பில் போடுகிற சிகிச்சைகளுக்கு, அந்த ஆஸ்பத்திரியின் ஆகக் குறைந்த வகுப்பின் கட்டணம்தான் கணக்கு. மருந்து, ஊசி, உள்ளே வைக்கும் கருவி போன்றவற்றுக்கு ஆஸ்பத்திரி என்ன விலைக்கு வாங்கியதோ அந்த விலை. இவை நிதியிலிருந்து கழியும், நோயாளியிடம் கேட்கக் கூடாது. சலுகைப் பிரிவில் வருகிறவர்கள் செலவில் ஒரு பகுதியை ஏற்க வேண்டியிருக்கும். அவசர நிலையில் வருகிறவரிடம் டெபாசிட் கேட்காமல் உடனே சேர்த்து, உயிர் காக்கும் சிகிச்சை கொடுத்து, நிலைமை சீரான பிறகு தேவையானால் அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியில் அனுப்பி வைக்க வேண்டும்.

வருமான வரம்பு 2006இல் பரம ஏழைக்கு வருடத்துக்கு 25,000, அடுத்த பிரிவுக்கு 50,000 என்று தொடங்கியது. பலமுறை உயர்த்தி, இப்போது 1,80,000 என்றும் 3,60,000 என்றும் ஆகியிருக்கிறது. 1,80,000 என்றால் மாதம் 15,000. தாராவியில் தையல் வேலை பார்க்கிறவர் மாதம் 16,000 சம்பாதித்தாலே முதல் பிரிவிலிருந்து வெளியே போய்விடுவார். மும்பை வாடகையைத் தெரிந்த யாரும் அவரை வசதியானவர் என்று சொல்ல மாட்டார்கள். வரம்பை உயர்த்து என்று கேட்பதற்கு முடிவே இல்லாமல் இருப்பது இதனால்தான். விலைவாசி தானாக ஏறும், வரம்பு யாராவது கேட்டால்தான் ஏறும்.

விதி இவ்வளவு தெளிவான பிறகும் கவுன்ட்டரில் நடப்பது வேறு. 'கோட்டா ஃபுல்' என்பது வழக்கமான முதல் பதில். 'டெபாசிட்டைக் கட்டிச் சேருங்க, அப்புறம் சோஷியல் ஒர்க்கரைப் பாருங்க' என்பது இரண்டாவது. எங்கள் பக்கத்து லைனில் இருக்கும் ஓர் அக்கா தன் வீட்டுக்காரரைச் சேர்க்கப் போனபோது இந்த இரண்டாவது பதில் கிடைத்தது. நகையை வைத்துப் பணம் கட்டிவிட்டார். பிறகு போய்க் கேட்டபோது, 'நீங்கதான் பணம் கட்டுற பேஷன்டா சேர்ந்துட்டீங்களே' என்று விட்டார்கள். ஆஸ்பத்திரிகளோடு பழகிய ஒரு தொண்டர் வந்து, விஷயத்தைக் கேட்டவுடன் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி: "என்னக்கா, சேக்கும்போதே எழுதிக் குடுத்தீங்களா?" எழுதிக் கொடுக்கவில்லை. வாயால் கேட்டதற்குச் சாட்சி இல்லை. நாலு நாள் அலைந்த பிறகு பில்லில் ஒரு பகுதி குறைந்தது, அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். சட்டமும் கோர்ட்டு உத்தரவும் இருந்தும் அவர் கையில் படுக்கை வந்து சேரவில்லை. உத்தரவுக்கும் நோயாளிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை ஒரு ஆள் நின்று அடைக்க வேண்டியிருக்கிறது. கோர்ட்டில் வாதாடும் வழக்கறிஞர்களுக்குப் பெயர் கிடைக்கும், பத்திரிகையில் வரும். கவுன்ட்டரில் நிற்கிறவர் பெயர் எங்கும் வராது. என்னைக் கேட்டால் இரண்டாவது வேலைதான் கடினம். உத்தரவை ஒரு தடவை வாங்கினால் போதும். கவுன்ட்டரில் தினமும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

சென்னையில் போட்ட ஒரு விண்ணப்பம்

படுக்கை கிடைத்தாலும் மருந்து வாங்க வேண்டுமே. அதற்கு இன்னொரு களம் இருக்கிறது. இதன் மிகப் பெரிய வழக்கு ஒன்று மும்பையையும் சென்னையையும் இணைக்கிறது.

ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு இமாடினிப் என்ற மாத்திரை கொடுப்பார்கள். நோவார்ட்டிஸ் நிறுவனம் க்ளிவெக் என்ற பெயரில் விற்றது. தினமும் சாப்பிட வேண்டும், வருடக் கணக்கில். மாதச் செலவு சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் தயாரித்த அதே மருந்து மாதம் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. 1998இல் அந்த மருந்தின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டது. கொடுத்துவிட்டால் குறைந்த விலை மாத்திரையை இந்தியாவில் யாரும் தயாரிக்க முடியாது.

எதிர்த்தவர்களில் ஒன்று மும்பையில் இருக்கும் கேன்சர் பேஷன்ட்ஸ் எய்ட் அசோசியேஷன். நோயாளிகளுக்கு மருந்தும் உதவியும் கொடுத்து வந்த அமைப்பு அது. மாதம் ஒரு லட்சம் ஆகும் மருந்தை எத்தனை பேருக்கு இலவசமாகக் கொடுத்துவிட முடியும்? காப்புரிமையையே எதிர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். லாயர்ஸ் கலெக்டிவ் என்ற வழக்கறிஞர் அமைப்பு அவர்களுக்காக வாதாடியது. கையில் கிடைத்த ஆயுதம் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளை வேறு வடிவத்தில் கொண்டுவந்தால், அது நோயைக் குணப்படுத்துவதில் உண்மையிலேயே மேம்பட்டிருந்தால் ஒழியக் காப்புரிமை கிடையாது என்கிறது அது.

2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தைத் தள்ளியது. நோவார்ட்டிஸ் அந்தப் பிரிவே செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்டில் அந்த மனுவும் தள்ளுபடி. கடைசியாக 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் காப்புரிமை இல்லை என்று முடித்து வைத்தது. விண்ணப்பத்திலிருந்து எண்ணினால் பதினைந்து வருடம். இந்த வேலைக்கு நன்கொடை கேட்டால் ஏன் பலரும் தயங்குகிறார்கள் என்பது இதில் புரியும். இன்று கொடுத்த நூறு ரூபாய்க்கு நாளைக்கே ஒரு நோயாளியின் புகைப்படத்தைக் காட்ட முடியாது.

இதே வழியில் நடந்த இன்னொரு போராட்டத்தில் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன் முன்னால் நின்றார். காசநோயிலிருந்து மீண்டவர். சிகிச்சையில் போட்ட கனமைசின் ஊசியின் பக்கவிளைவால் 2013இல் கேட்கும் திறனை இழந்தவர். இந்த ஊசிகள் இல்லாமல், பழைய மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோயைக் குணப்படுத்த உதவும் மாத்திரை பெடாக்குவிலின். ஜான்சன் அண்ட் ஜான்சன் அதற்கு வைத்திருந்த முதல் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய வேண்டியது. மருந்தின் உப்பு வடிவத்துக்கு இன்னொரு காப்புரிமை கேட்டு, அதை 2027 வரை நீட்டிக்கப் பார்த்தது கம்பெனி. நந்திதாவும், அதே மாதிரி செவித்திறன் இழந்த தென்னாப்பிரிக்காவின் பூமெசா டிசிலேயும் சேர்ந்து 2019இல் மும்பையில் ஆட்சேபம் போட்டார்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அதே வருடம் உலக அளவிலான கொள்முதல் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. இந்தியாவில் அரசு காசநோய்த் திட்டம் இந்த மருந்தை இலவசமாகத்தான் கொடுக்கிறது. அதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். இலவசமாகக் கொடுப்பதற்கும் அரசு காசு கொடுத்துத்தானே வாங்க வேண்டும்? விலை இறங்கினால் அதே பணத்தில் அதிகம் பேருக்கு எட்டும்.

காப்புரிமை கொடுப்பதற்கு முன்னால் ஆட்சேபம் தெரிவிக்க இந்தியச் சட்டத்தில் யாருக்கும் உரிமை உண்டு. மருந்துக் கம்பெனியாகவோ விஞ்ஞானியாகவோ இருக்க வேண்டியதில்லை. ஒரு நோயாளி போதும்.

விலையை நேராகக் கட்டுப்படுத்த வைத்ததும் உண்டு. இதய ரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றுக்கொண்டிருந்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் போட்ட பொதுநல வழக்கு ஸ்டென்டை அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலுக்குள் கொண்டுவர வழி திறந்தது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 29,600, சாதாரண ஸ்டென்டுக்கு 7,260 என்று உச்ச விலை நிர்ணயித்தது. ஆனால் அறை வாடகையும் ஆபரேஷன் கட்டணமும் ஆஸ்பத்திரியின் கையில்தான் இருக்கின்றன. பில்லின் ஒரு வரி குறைந்தால் மொத்தமும் அதே அளவு குறையும் என்று எதிர்பார்க்க முடியாது.

அரை வெற்றிகளும் இதில் ஏராளம். அகில இந்திய மருந்து நடவடிக்கை வலைப்பின்னல், ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஐடான் என்பார்கள், 2003இல் அத்தியாவசிய மருந்துகளின் விலைக்காக உச்ச நீதிமன்றம் போனது. பத்து வருட இழுபறிக்குப் பிறகு 2013இல் அரசு புது விலைக்கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. ஆனால் உற்பத்திச் செலவைப் பார்த்து விலை வைக்காமல், சந்தையில் விற்கும் பிராண்டுகளின் சராசரியை உச்ச விலையாக்கியது. ஏற்கெனவே எல்லோரும் ஏற்றி வைத்திருந்தால் சராசரியும் ஏறித்தானே இருக்கும்? ஐடான் அதையும் எதிர்த்தது. வழக்குப் போட்டு வாங்கிய உத்தரவையே மறுபடியும் எதிர்க்க வேண்டி வருவது இந்த உலகில் சகஜம்.

ரயிலிலிருந்து விழுந்தவர்

உரிமைகளைப் பற்றி ஒரே ஒரு வழக்கைச் சொன்னால் போதும். 1992இல் மேற்கு வங்கத்தில் ஒரு கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. அரசு ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சொந்தச் செலவில் சிகிச்சை. அவர் சார்ந்த விவசாயத் தொழிலாளர் சங்கமான பஷ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி உச்ச நீதிமன்றம் போனது. அவசர சிகிச்சை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது, பணப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி அரசு தப்பிக்க முடியாது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. அவருக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய். லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு போகும் மும்பைக்காரருக்கு அந்தத் தீர்ப்பின் மதிப்பு வேறு.

மருத்துவத் தொண்டு என்றே பதிவு செய்யாத சங்கங்களும் இந்த வேலையைச் செய்திருக்கின்றன என்பதற்கும் இது உதாரணம். நாடு முழுக்க இப்படிப்பட்ட அமைப்புகளைச் சேர்த்து 2000ஆம் வருடக் கடைசியில் கொல்கத்தாவில் கூடிய மாநாட்டிலிருந்து ஜன் ஸ்வாஸ்த்ய அபியான் (மக்கள் ஆரோக்கிய இயக்கம்) பிறந்தது. அவர்கள் 2015-16இல் தேசிய மனித உரிமை ஆணையத்தோடு சேர்ந்து பொது விசாரணைகள் நடத்தினார்கள். சிகிச்சை மறுக்கப்பட்டவர்கள் மேடையேறித் தங்கள் கதையை அதிகாரிகள் முன்னால் சொன்னார்கள். 2018இல் ஆணையம் 17 உரிமைகள் கொண்ட நோயாளிகள் சாசனம் ஒன்றைத் தயாரித்தது. பில்லின் விவரத்தைக் கேட்கும் உரிமை, இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. மகாராஷ்டிராவில் 2021 ஜனவரியில் வந்த நர்சிங் ஹோம் விதிகள் கட்டண விவரத்தையும் நோயாளிகளின் உரிமைகளையும் பார்வைக்கு வைக்கச் சொல்கின்றன. பில் பாக்கிக்காக இறந்தவர் உடலைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும் சொல்கின்றன.

விலை இறங்கினால் மட்டும் போதுமா

கட்டுப்படியாவது ஒன்று, எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் புறநோயாளிக் கட்டணம் சொற்பம். ஆனால் காலையில் வரிசையில் நின்றால் மதியம் வரை ஆகும். விடிகாலையில் இட்லி அவித்து சைக்கிளில் கொண்டுபோய் விற்கிறவருக்கு அது ஒரு நாள் வருமானம். அவருக்கு உண்மையான கட்டணம் அதுதான். 2022 நவம்பரில் மாநகராட்சி தொடங்கிய ஆப்லா தவாகானா சிறு மருத்துவமனைகள் இரவு 10 மணி வரை திறந்திருப்பது இந்த விஷயத்தில் எந்தக் கட்டணக் குறைப்பையும்விடப் பெரிய காரியம். அதே மாதிரி மொழி. எழுபது வயதுப் பாட்டிக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் சந்தை அளவுக்குத்தான். 'நெஞ்சு கரிக்கு' என்று அவர் சொல்வதைக் கவுன்ட்டரில் யாரும் புரிந்துகொள்வதில்லை. பேரனுக்கு லீவு கிடைக்கிற நாள்தான் பாட்டிக்கு வைத்தியம் கிடைக்கிற நாள்.

இந்த அமைப்புகளை முழுசாக நம்பிவிடவும் வேண்டாம். நோயாளிகள் சங்கம் என்ற பெயரில் இயங்குவதற்கு மருந்துக் கம்பெனியே பணம் கொடுக்கும் இடங்கள் உலகெங்கும் உண்டு. அவை புது மருந்து வேண்டும் என்று உரக்கக் கேட்கும், விலை குறைய வேண்டும் என்று கேட்காது. ஒரு அமைப்பைப் பார்த்தால் முதலில் அதன் வருடாந்தரக் கணக்கைப் பாருங்கள். யார் பணம் தருகிறார்கள், அதைச் சொல்லத் தயங்குகிறார்களா என்று பாருங்கள். மறுபக்கம், அரசை எதிர்த்து வழக்காடுகிறவர்களுக்கு வெளிநாட்டு நன்கொடை வாங்குவதில் சிக்கல் வருவதும் நடக்கிறது. க்ளிவெக் வழக்கில் வாதாடிய லாயர்ஸ் கலெக்டிவின் வெளிநாட்டு நன்கொடை உரிமத்தை 2016இல் மத்திய அரசு ரத்து செய்தது. உள்ளூர்ப் பணத்தில் ஓடும் அமைப்புகள் பல சம்பளமே இல்லாத ஆட்களை வைத்துத்தான் ஓடுகின்றன.

கையில் என்ன வைத்துக்கொள்வது

மும்பையில் இருக்கிறவர்களுக்கு நேராகப் பயன்படுகிற சில விஷயங்கள். ரேஷன் கார்டைப் புதுப்பித்து வைத்திருங்கள், அதில் எல்லோர் பெயரும் இருக்கட்டும். தாசில்தார் அலுவலகத்தில் வாங்கும் வருமானச் சான்றிதழை நோய் வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். ஆபரேஷன் தேதி குறித்த பிறகு அலைந்தால் கிடைக்காது. மகாத்மா ஜோதிபா புலே ஜன் ஆரோக்ய யோஜனா என்ற மாநிலக் காப்பீட்டை 2023இல் எல்லா ரேஷன் கார்டுக்காரர்களுக்கும் விரித்து, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை என்று ஆக்கியிருக்கிறார்கள். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் 'ஆரோக்யமித்ரா' என்று ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், முதலில் அவரைப் பாருங்கள். அதில் வராத சிகிச்சை என்றால் அறக்கட்டளை ஆஸ்பத்திரியின் ஏழை நோயாளிகள் நிதி. பணம் கட்டுவதற்கு முன்னால், சேரும்போதே, எழுத்தில் கேளுங்கள். மனுவின் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள், தேதியோடு பதிவாகிவிடும்.

படுக்கை இருந்தும் இல்லை என்கிறார்கள் என்று தோன்றினால் புகார் செய்ய வேண்டிய இடம் ஒர்லியில், அன்னி பெசன்ட் ரோட்டில் இருக்கும் அறக்கட்டளை ஆணையர் அலுவலகம். கூடவே அதே அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவும் போடலாம். இன்ன ஆஸ்பத்திரியின் ஏழை நோயாளிகள் நிதியில் கடந்த வருடம் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு செலவானது, எத்தனை பேருக்குப் படுக்கை கிடைத்தது என்று கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. ஒருவர் உயிர் சம்பந்தப்பட்ட தகவலாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும், அதை மனுவின் மேலேயே எழுதிவிட வேண்டும்.